வயலின் குரலுக்கு நிழல் அல்ல

கர்நாடக சங்கீத வயலின் கலைஞருக்கு ரசிகர்களும் விமர்சகர்களும் தரும் உச்சபட்சப் பாராட்டு இரண்டே வகை. அவர் கையில் வயலின் பாடுகிறது என்பது ஒன்று. பாடகரை நிழல்போலத் தொடர்ந்தார் என்பது மற்றொன்று. டிசம்பர் சீசன் விமர்சனங்களில் பாடகரைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதி முடித்தபின், கடைசியில் மிஞ்சும் இடத்தில் வயலினுக்கு இந்த இரண்டில் ஒன்று வந்து சேரும். சொல்பவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே நம்பிக்கையிலிருந்து பிறந்தவை. சங்கீதம் என்றால் வாய்ப்பாட்டு. வாத்தியம் அதை எவ்வளவு நெருக்கமாகப் போலி செய்கிறதோ அவ்வளவு உயர்ந்தது. வயலின்காரரின் வேலை பின்னால் வருவது. இந்த நம்பிக்கை வரலாற்றோடும் ஒட்டவில்லை, மேடையில் நடப்பதோடும் ஒட்டவில்லை. இதைச் சோதித்துப் பார்க்க மிகப் பொருத்தமானவர் லால்குடி ஜி. ஜெயராமன். 'பாடும் வயலின்' என்ற பாராட்டு அவரளவுக்கு வேறு எவருக்கும் சொல்லப்பட்டதில்லை. அவருடைய வாழ்க்கையே அந்தப் பாராட்டின் போதாமையைக் காட்டுகிறது.

வயலின் தென்னிந்தியாவுக்கு வந்த கதை பலரும் அறிந்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1859), மணலி முதலியாரின் ஆதரவில் குடும்பம் இருந்த காலத்தில் ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரிடம் வயலின் கற்றார். பிற்பாடு எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக விளங்கினார். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடமிருந்து 1834இல் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும்: வெளிநாட்டு வாத்தியம் வந்தது, குரலுக்கு ஒத்துப்போனது, பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

நடந்தது இதைவிடப் பெரிய காரியம். ஐரோப்பாவில் நின்றோ நாற்காலியில் உட்கார்ந்தோ தாடைக்கும் தோளுக்கும் நடுவே பிடித்து வாசிக்கப்பட்ட கருவி, இங்கே தரையில் சம்மணமிட்டு அமர்பவரின் மார்புக்கும் வலது பாதத்துக்கும் இடையே சாய்ந்து நின்றது. பாதம் கருவியின் தலையைத் தாங்கிக்கொள்வதால், இடது கைக்கு அதைப் பிடித்திருக்கும் பொறுப்பு போயிற்று. கை தந்தியின் மேல் மேலும் கீழும் தாராளமாக வழுக்கிச் செல்ல முடிந்தது. நான்கு தந்திகளும் அடுத்தடுத்து ஐந்தாம் சுரமாக நிற்கும் மேற்கத்திய சுருதிமுறை கைவிடப்பட்டு, மந்திர ஷட்ஜம், மந்திர பஞ்சமம், மத்திய ஷட்ஜம், மத்திய பஞ்சமம் என்று தந்திகள் கூட்டப்பட்டன. விரல்களை வெவ்வேறு இடங்களில் ஊன்றி வாசிக்கும் முறைக்குப் பதிலாக, ஒன்றிரண்டு விரல்களே அசைந்தும் இழுபட்டும் கமகத்தை உண்டாக்கும் முறை வளர்ந்தது. தோடியின் காந்தாரத்தையும் சங்கராபரணத்தின் மத்தியமத்தையும் அசைக்க வேண்டிய விதம் எந்த ஐரோப்பியப் பாடப்புத்தகத்திலும் இருந்திருக்க முடியாது. மரமும் தந்தியும் அங்கிருந்து வந்தவை. வாசிப்பு முழுக்க இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் வயலின்காரர்கள். பாடகர்கள் யாரும் சொல்லிக்கொடுத்து இது வரவில்லை.

குரலைத் தொடர்ந்துவர ஏதோ ஒரு கருவி போதும் என்பதுதான் தேவையாக இருந்திருந்தால் ஆர்மோனியம் போதும். அதை வாசிப்பது எளிது, சுருதி கலையாது, நாடக மேடைகளில் பாடகரை அடியொற்றிச் செல்வதில் அது பெயர் வாங்கியது. ஆனாலும் கர்நாடகக் கச்சேரி மேடையில் அதற்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. 1940இல் அகில இந்திய வானொலியும் அதை விலக்கியது. சுரத்தைத் தொட்டுக் காட்டுவது வேறு, ராகத்தைச் சொல்வது வேறு என்று இந்த இசையைக் கேட்டு வளர்ந்த காதுகளுக்குத் தெரிந்திருந்தது. வயலின் நிலைத்ததற்குக் காரணம் அது ராகம் சொன்னது.

லால்குடிக்கு முன்பே இதற்குச் சான்றுகள் இருந்தன. திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயர் (1857–1913), மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை (1879–1931) ஆகியோரின் பெயர்கள் அந்தக் காலப் பெரும் பாடகர்களின் பெயர்களுக்கு இணையாகவே பேசப்பட்டன. துவாரம் வெங்கடசுவாமி நாயுடு (1893–1964) 1919இல் விஜயநகரம் மகாராஜா இசைக் கல்லூரியில் வயலின் ஆசிரியரானார், 1936இல் அதன் முதல்வரானார், 1941இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். பாடகர் இல்லாத மேடையில் வயலின் தனியாக இரண்டு மணி நேரம் நிற்க முடியும் என்பதை நிலைநாட்டியவர்களில் அவர் முன்னோடி. பார்வை மிகவும் குறைந்த அவருடைய கவனம் முழுவதும் நாதத்தில் இருந்தது. வில்லை நீளமாக இழுத்து அவர் எழுப்பிய கனத்த, உருண்ட ஒலி எந்தப் பாடகரின் குரலையும் போல இல்லை. அது வயலினின் ஒலி. 1952இல் மேற்கத்திய வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹின் சென்னையில் நீதிபதி பி. வி. ராஜமன்னார் வீட்டில் அவர் வாசிப்பைக் கேட்டு வியந்தார்.

மைசூர் டி. சௌடையா (1895–1967) இன்னும் ஒரு படி போனார். ஒலிபெருக்கி பரவாத காலத்தில், செம்பை வைத்தியநாத பாகவதரின் வெண்கலக் குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரிசை வரை கேட்கும்படி வாசிக்க வேண்டியிருந்தது. நான்கு தந்தி போதவில்லை என்று மேலும் மூன்றைச் சேர்த்து ஏழு தந்தி வயலினை அமைத்துக்கொண்டார். பின்னால் அடக்கமாக வருவதுதான் வயலினின் தர்மம் என்றால் இந்த முயற்சிக்கு அவசியமே இல்லை. பெங்களூரில் 1980இல் திறக்கப்பட்ட சௌடையா நினைவு மண்டபம் வயலின் வடிவத்திலேயே கட்டப்பட்டிருக்கிறது. (குரலுக்கு வடிவம் இல்லாததால் பாடகர்களுக்கு இந்த வசதி கிடையாது.)

இந்தப் பின்னணியில்தான் லால்குடி ஜெயராமன் வருகிறார். 1930 செப்டம்பர் 17 அன்று பிறந்தார். தியாகராஜரின் சீடர் லால்குடி ராம ஐயரின் வழிவந்த குடும்பம். தந்தை வி. ஆர். கோபால ஐயரே குரு. பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியக்காரராக மேடையேறினார். அடுத்த இருபது ஆண்டுகளில் அவர் யார் யாருக்கு வாசித்தார் என்ற பட்டியலே ஒரு வாதம்: அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், செம்பை, செம்மங்குடி சீனிவாச ஐயர், ஜி. என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள், பிறகு கே. வி. நாராயணசுவாமி, பாலமுரளிகிருஷ்ணா, மகாராஜபுரம் சந்தானம்.

இவர்களில் எந்த இருவரும் ஒரே மாதிரி பாடியவர்கள் இல்லை. அரியக்குடி நடுத்தரக் காலத்தில், சுருக்கமாக, ஒன்றையும் அளவு மீறாமல் பாடுவார். ஜி.என்.பி. பிருகாக்களைப் பொழிந்துகொண்டே மேல் ஸ்தாயிக்குத் தாவுவார். மதுரை மணி ஐயர் கணக்கைப் பெரிதுபடுத்தாமல் சர்வலகுவாகச் சுரங்களை உதிர்த்துக்கொண்டே போவார். அந்த ஓட்டத்தில் ஒரு சுரம் பிசகினாலும் சுகம் கெட்டுவிடும். ஆலத்தூர் சகோதரர்களோ சிக்கலான பல்லவிகளுக்கும் லயக் கணக்குக்கும் பெயர்போனவர்கள். திங்களன்று ஒருவருக்கும் புதனன்று இன்னொருவருக்கும் வாசிக்கும் வயலின்காரர் இத்தனை பேரின் இசையையும் உள்ளிருந்து அறிந்திருக்க வேண்டும். பாடகர் தன் ஒரு பாணியை அறிந்தால் போதும். வயலின்காரருக்கு எல்லோருடைய பாணியும் தெரிந்திருக்க வேண்டும், அதற்கும் மேல் தனக்கென்று ஒன்று இருக்க வேண்டும். இத்தனை அறிவு தேவைப்படும் வேலையை இரண்டாம்தரம் என்று எப்படி ஒதுக்க முடியும்?

பக்கம் வாசிப்பது என்றால் என்ன என்பதை நுணுக்கமாகப் பார்த்தால்தான் நிழல் என்ற பேச்சு எவ்வளவு பொருத்தமற்றது என்று விளங்கும். ஒத்திகை பெரும்பாலும் கிடையாது. என்னென்ன உருப்படிகள் பாடப்போகிறார் என்பது மேடையில் பாடகர் வாய் திறக்கும்போதுதான் பல வேளைகளில் தெரியும். சுருதியைப் பாடகருக்கு ஏற்ப மாற்ற வேண்டும்: ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு ஒரு விதம், ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண் குரலுக்கு வேறு விதம். தந்தியின் இறுக்கம் மாறும்போது வில்லின் அழுத்தமும் மாறியாக வேண்டும், நாதம் மட்டும் தன்னுடையதாகவே இருக்க வேண்டும்.

ஆலாபனையில் பாடகர் ஒரு பிரயோகத்தைப் பாடி நிறுத்தியதும் வயலின் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நீட்டும். இதைத்தான் பலரும் தொடர்வது என்று நினைக்கிறார்கள். கவனித்துக் கேட்டால், நல்ல வயலின்காரர் அங்கே பாடகர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதில்லை. எங்கே மூச்சு வாங்க வேண்டும், அடுத்து எந்தச் சுரத்தில் நின்றால் ராகம் விரியும் என்பதைச் சத்தமில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார். பாடகர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவதைப் பழைய ஒலிப்பதிவுகள் பலவற்றில் கேட்கலாம். அந்தக் கணத்தில் யார் யாரைத் தொடர்கிறார்கள் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

அதன்பின் வயலினின் முறை வருகிறது. இதுதான் கச்சேரியிலேயே மிகக் கடினமான இடம். ராகத்தின் வழக்கமான பிரயோகங்களையெல்லாம் பாடகர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார். அவர் எடுத்த நேரத்தில் பாதியோ அதற்கும் குறைவோதான் வயலினுக்குக் கிடைக்கும். அவர் பாடியதை அப்படியே திரும்ப வாசித்தால் சபையில் கான்டீன் பக்கம் நகர்வு தொடங்கும். அவர் எழுப்பிய மனநிலையை உடைக்கவும் கூடாது, தனக்கென்று ஒன்று சொல்லாமலும் விடக் கூடாது, முடிக்கும்போது கீர்த்தனையை அவர் எடுப்பதற்குத் தோதான இடத்தில் கொண்டுவந்து நிறுத்தவும் வேண்டும். லால்குடி பாடகரைத் தொடர்ந்து வாசித்த காம்போதிகளையும் தோடிகளையும் அருமையாக நினைவுகூர்பவர்கள் நினைவுகூர்வது அவர் சொன்ன புதியதைத்தான். பாடகர் பாடியதன் நகலை ஒருவரும் ஐம்பது ஆண்டுகள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

கற்பனைச் சுரத்தில் இது வேறொரு வடிவம் எடுக்கும். பாடகர் வீட்டில் யோசித்துக் கணக்குப் போட்டுவந்த கோர்வையை ஒரே ஒரு முறை பாடுவார். வயலின்காரர் அதைக் கேட்டுக்கொண்டே மனத்தில் பிரித்து, அடுத்த கணமே பிசகாமல் எடுப்பில் கொண்டுவந்து முடிக்க வேண்டும். குறைப்பில் இரண்டு ஆவர்த்தனம் ஒன்றாகி, ஒன்று அரையாகி, அரை காலாகும்போது யோசிக்கவே இடைவெளி இருக்காது. பாடகர் தவறினால் ரசிகர் மன்னிப்பார், வயலின் தவறினால் தவறியது வயலின்தான் என்று எழுதுவார்கள்.

'பாடுகிறது' என்ற பாராட்டுக்கு இனி வரலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. லால்குடி பாணியின் அடையாளமாகச் சொல்லப்படுவது, சாகித்தியத்தின் அட்சரங்கள் தெரியும்படி வில் போடுவது. கீர்த்தனையை அறிந்த ரசிகருக்குச் சொற்களே காதில் விழுவதுபோல இருக்கும். அவர் தம் வயலின் மாணவர்கள் பாடவும் கற்க வேண்டும் என்று வலியுறுத்தினார் என்பதும் தெரிந்ததே. இதை ஆதாரமாக வைத்துக்கொண்டு, அவரே குரலை முதன்மையாகக் கருதினார் என்கிறார்கள்.

இங்கேதான் சறுக்கல். குரலில் ஒரு அட்சரத்திலிருந்து மற்றொன்றுக்குப் போவது தானாக நடக்கிறது. நாக்கும் உதடும் பார்த்துக்கொள்கின்றன. வயலினில் அது ஒவ்வொன்றும் ஒரு முடிவு. வில்லை எங்கே திருப்புவது, எங்கே திருப்பாமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துவது, நெடிலை எவ்வளவு தூரம் இழுப்பது, வல்லினத்துக்கு வில்லின் எந்தப் பகுதியைப் பயன்படுத்துவது என்பதையெல்லாம் யாரோ யோசித்து வகுக்க வேண்டும். லால்குடி அதை வகுத்தார். கேட்பவர் காதில் அது குரலாக ஒலிக்கலாம். அதைச் சாத்தியமாக்கியது முழுக்க முழுக்க வில்லின் கலை. சிலையைப் பார்த்து உயிருள்ளது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு உளியை மறந்துவிடுவது போன்றது, அதைக் குரலின் புகழாக மாற்றுவது.

மேலும், சாகித்தியம் இல்லாத இடங்கள் ஒரு கச்சேரியில் எத்தனை? ஆலாபனை, தானம், கற்பனைச் சுரம், தனி ஆவர்த்தனம் என்று கூட்டினால் பிரதான உருப்படியின் பெரும்பகுதி சொல்லற்றது. அங்கே குரலுக்கு வயலினைவிட எந்தச் சலுகையும் கிடையாது. மூன்று ஸ்தாயி விரிவு, ஒரு தந்தியிலிருந்து மற்றொன்றுக்குக் கணத்தில் தாவுதல், இரு தந்திகளை ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுதல், தானத்தில் வீணையின் மீட்டை நினைவூட்டும் வெட்டு வில் ஆகியவை குரலால் முடியாதவை. இவற்றை அடக்கிவைத்துக்கொள்வதுதான் நல்ல வயலின் என்று சொல்வது, பாடகரிடம் கீழ் ஸ்தாயியில் பாடாதே என்று சொல்வதற்குச் சமம்.

ஒரே குரலின் நிழல்கள் என்றால் அவை ஒன்றுபோல இருக்க வேண்டும். லால்குடி, டி. என். கிருஷ்ணன் (1928–2020), எம். எஸ். கோபாலகிருஷ்ணன் (1931–2013) ஆகிய மூவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில், அதே தலைமுறைப் பாடகர்களுக்கு வாசித்தவர்கள். செம்மங்குடியிடம் பயின்ற கிருஷ்ணனின் வாசிப்பில் அலங்காரம் குறைவு; சுருதி சுத்தமும் நிதானமும் தெளிந்த நாதமும் அதன் பலம். எம்.எஸ்.ஜி. பரூர் பாணியில் வந்தவர். தந்தை பரூர் சுந்தரம் ஐயரிடம் கர்நாடகத்தோடு இந்துஸ்தானியும் பயின்றவர். ஒற்றை விரலால் தந்தி முழுக்க ஓடும் அவருடைய வேகம் தனி ரகம். லால்குடியிடம் சொல்லின் நயமும் எதிர்பாராத திருப்பங்களும். பத்து நொடி கேட்டால் யார் வாசிக்கிறார் என்று ரசிகர் சொல்லிவிடுவார். ஒரே கல்யாணியை மூன்று பேரும் மூன்று கல்யாணியாக வாசித்தார்கள் என்றால், அந்த வேறுபாடு பக்கத்தில் இருந்த பாடகரிடமிருந்து வந்திருக்க முடியாது.

குரலே மூலம் என்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்வதில்லை. குரல்தான் வாத்தியங்களிடமிருந்து ஏராளமாகக் கற்றிருக்கிறது. செம்மங்குடியின் முக்கிய குருக்களில் ஒருவர் கோட்டுவாத்திய வித்வான் திருவிடைமருதூர் சகாராம ராவ். ஜி.என்.பி.யின் ஆலாபனையில் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் பதித்த தடத்தை இசையுலகம் முழுவதும் ஒப்புக்கொள்கிறது. லால்குடியிடம் பயின்ற பாடகர்களைப் பாருங்கள்: பாம்பே ஜெயஸ்ரீ, சாகேதராமன், ஹரிகதையில் புகழ்பெற்ற விசாகா ஹரி. ஒரு வயலின்காரரிடம் பாடக் கற்றவர்கள் முன்னணிப் பாடகர்களாக மேடையில் இருக்கிறார்கள். பாம்பே ஜெயஸ்ரீ 2023ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதியாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். குரல் மூலம், வயலின் நகல் என்றால் நகலிடம் மூலம் ஏன் பாடம் கேட்டது?

தனிக் கச்சேரி விஷயத்திலும் ஒரு தப்பெண்ணம் உலவுகிறது. பக்கம் வாசிப்பது பயிற்சிக் காலம், தனியாக வாசிப்பதே முதிர்ச்சி என்று வயலின்காரரின் வாழ்க்கையை இரண்டு படிகளாகப் பார்ப்பது. இது வயலினுக்குச் செய்யும் மரியாதை போலத் தோன்றும். உண்மையில் பழைய நம்பிக்கையின் மறுபக்கம்தான். பக்கம் வாசிப்பது தாழ்ந்தது என்று ஏற்றுக்கொண்டால்தான் அதிலிருந்து மேலே ஏற வேண்டியிருக்கும். லால்குடியின் வாழ்க்கை அப்படி இரண்டு துண்டாகப் பிரியவில்லை. 1965இல் எடின்பரோ விழாவுக்குக் கே. வி. நாராயணசுவாமி, பாலக்காடு மணி ஐயர் ஆகியோரோடு சென்றார். அங்கே அவர் வாசிப்பில் மனம் பறிகொடுத்த மெனுஹின் தம் வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். அடுத்த ஆண்டே, 1966இல், புல்லாங்குழலில் என். ரமணி, வீணையில் ஆர். வெங்கட்ராமன் ஆகியோரோடு வயலின்–வேணு–வீணை என்ற மூவர் கச்சேரியைத் தொடங்கினார். ராகம் இசைக்கும் மூன்று வாத்தியங்கள், பாடகர் இல்லை. ஒன்றின் ஒலி மற்றொன்றை மூழ்கடித்துவிடாமல் யார் எப்போது பேசுவது, யார் எப்போது விலகுவது என்று அமைப்பதில் அவருக்கு உதவியது இருபது ஆண்டு பக்கம் வாசித்த அனுபவம். பக்கம் வாசித்தபோது கற்றதைத்தான் அவர் தனி மேடையில் விரித்தார். பிற்காலத்தில் மகன் ஜி. ஜே. ஆர். கிருஷ்ணன், மகள் விஜயலட்சுமி ஆகியோரோடு வாசித்த கச்சேரிகளிலும் அதே ஒழுங்கு கேட்கும்.

அவருடைய சாகித்தியங்கள் இந்த வாதத்தை முடித்துவைக்கப் போதுமானவை. லால்குடி வர்ணங்களும் தில்லானாக்களும் ஏராளமாக இயற்றினார். சாருகேசியில் 'இன்னும் என் மனம்', வலஜியில் 'சலமு சேய', நளினகாந்தியில் 'நீவே கதியனி', நவரச பதவர்ணமான 'அங்கயற்கண்ணி' ஆகியவை இன்று வாய்ப்பாட்டு மாணவர்களும் நடனக் கலைஞர்களும் அன்றாடம் பயிலும் உருப்படிகள். மோகனகல்யாணி, ராகேஸ்ரீ, திவிஜாவந்தி, மாண்ட், பஹாடி, ரேவதி என்று விரியும் தில்லானாக்கள் கச்சேரியின் கடைசிப் பகுதியில் வழக்கமாகிவிட்டன. இவற்றைப் பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அந்தத் தாவல்களும் ஒரு சுரத்திலிருந்து தூரத்துச் சுரத்துக்கு ஒரே எட்டில் போவதும் தொண்டையில் உதித்தவை அல்ல. வில்லிலும் விரலிலும் பிறந்து பின்பு தொண்டைக்குப் பழக்கப்படுத்தப்பட்டவை. பாடகர்கள் அவற்றைப் பாடும்போது வயலினைப் பின்பற்றுகிறார்கள். அதற்காக ஒருவரும் அவர்களை வயலினின் நிழல் என்று அழைப்பதில்லை, அழைக்கவும் கூடாது. 'சிருங்காரம்' படத்தின் இசைக்காக 53ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த இசையமைப்பாளர் விருது அவருக்குக் கிடைத்தது என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம். இயற்றுபவராகவும் அவர் இருந்தார் என்பதைச் சபாக்களைவிடத் திரைத்துறைக்கு வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. பக்கவாத்தியக்காரர் மேடையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. பாடகர் தேர்ந்த ராகத்தின் மெல்லிய மனநிலையை வேக வில்லால் கலைத்துக் கைதட்டல் வாங்கும் வயலின்காரர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடக்கம் போதிக்க வேண்டியதுதான். ஆனால் அடக்கம் என்பது இசைவாணரிடம் உள்ள ஒரு தேர்ச்சி. தன்னால் சொல்ல முடிந்ததை இந்த இடத்தில் வேண்டாம் என்று விடுவது. சொல்ல ஒன்றுமில்லாதவரிடம் அதை அடக்கம் என்று அழைக்க முடியாது. மதுரை மணி ஐயருக்கு வாசிக்கும் லால்குடியிடம் கேட்கும் எளிமை, அவர் ஆலத்தூர் சகோதரர்களுக்கு வாசிப்பதைக் கேட்டபின்தான் முழுதாகப் புரியும்.

கருத்து கருத்தாக மட்டும் நிற்பதில்லை, கையில் வரும் பணத்திலும் பெயர்ப் பலகையிலும் இறங்குகிறது. விளம்பரத்தில் பாடகரின் படம் பெரிதாகவும் வயலின், மிருதங்கப் பெயர்கள் சிறிய எழுத்திலும் வருவது வழக்கம். பக்கவாத்தியத்துக்கான சன்மானம் பாடகருடையதைவிடக் குறைவாகவே வைக்கப்படுகிறது. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டியலில் 1929 முதல் இன்று வரை வயலின்காரர்கள் பத்துப் பேரைத் தாண்டவில்லை: துவாரம், 1948இல் கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை, 1957இல் சௌடையா, 1962இல் பாப்பா வெங்கடராமையா என்று நீண்ட இடைவெளிகளோடு வருகிறார்கள். எம்.எஸ்.ஜி.க்கு அது 1997இல்தான் கிடைத்தது. மிருதங்கத்துக்கு முதன்முறை வழங்கப்பட்டதே 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. எம். எல். வசந்தகுமாரிக்கு நீண்ட காலம் வாசித்த ஏ. கன்யாகுமரி 2016இல் பெற்றபோதுதான் பெண் வயலின் கலைஞர் ஒருவரை அந்தப் பட்டியல் முதன்முதலாகக் கண்டது. பத்மபூஷண் பெற்ற, சங்கீத நாடக அகாடமியின் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட லால்குடி ஜெயராமனின் பெயர் அதில் இல்லவே இல்லை. 2013 ஏப்ரல் 22 அன்று அவர் மறைந்தார்.

ஒருவர் விடுபட்டதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஒரு முழு வாத்தியத்தைச் சேர்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குறைவாக எண்ணப்பட்டதற்கு ஒரே காரணம்தான், அவர்களைப் பின்னால் வருபவர்களாகப் பார்த்த பார்வை. அதைத் திருத்தப் பெரிய சீர்திருத்தம் ஒன்றும் தேவையில்லை. கச்சேரி விமர்சனம் எழுதுவோர், வயலின் நிழலாகத் தொடர்ந்தது என்ற ஒற்றை வரியை விட்டுவிட்டு, ஆலாபனையில் பாடகர் தொடாத எந்த இடத்தை வயலின் தொட்டது, நிரவலில் என்ன சொன்னது, கோர்வையை எப்படி முடித்தது என்று எழுதட்டும். எழுதுவதற்கு முன் ஜி.என்.பி.யோ ஆலத்தூர் சகோதரர்களோ பாட லால்குடி வாசித்த பழைய ஒலிப்பதிவு ஒன்றை எடுத்து, வயலினை மட்டும் கவனித்துத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு முறை கேட்கட்டும்.